ஹேவ்லாக்கில் ஒரு கோவில்பட்டித் தம்பதி

அந்தமானுக்குச் சுற்றுலா போகிறவர்களை இரண்டு வகையாகப் பிரித்துவிடலாம். கையில் மருதாணி அழியாத புதுமணத் தம்பதிகள் ஒரு வகை. எல்.டி.சி.யில் வரும் அரசு ஊழியர்கள் இன்னொரு வகை. சொந்த ஊருக்குப் போகும் எல்.டி.சி.க்குப் பதிலாக அந்தமானுக்கு விமானத்திலேயே போய்வரலாம் என்ற சலுகையை மத்திய அரசு பல வருடங்களாக நீட்டித்து வந்திருக்கிறது. அது இல்லாவிட்டால் நம் சின்ன ஊர்களின் போஸ்ட் ஆபீஸ்காரர்களில் பாதிப் பேர் பவளப்பாறையைப் படத்தில்தான் பார்த்திருப்பார்கள்.

புதுமணத் தம்பதிகளைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். இது இரண்டாவது வகைத் தம்பதியைப் பற்றியது.

அவருக்கு வயது ஐம்பத்து நாலு. கோவில்பட்டி. சப்-போஸ்ட்மாஸ்டர் என்பதால் தெருவில் எல்லோருக்கும் அவர் 'போஸ்ட்மாஸ்டர்'. மனைவிக்கு நாற்பத்தெட்டு. அம்பாசமுத்திரம் பக்கம் தாமிரபரணிக் கரையில் ஒரு ஊர். கல்யாணமாகி இருபத்தாறு வருடம். இத்தனை வருடத்தில் இரண்டு பேரும் பிள்ளைகள் இல்லாமல் தனியாகப் போன ஒரே பயணம் கல்யாணமான மறுவாரம் திருச்செந்தூர் போனது. 2023 ஜனவரியில், சென்னையில் வேலை பார்க்கும் மகள்தான் பிடிவாதமாக டிக்கெட் போட்டுக் கொடுத்தாள். "எல்.டி.சி.ய வருசா வருசம் வீணாக்குறீங்கப்பா, அம்மாவ எங்கயாவது கூட்டிட்டுப் போங்க" என்று ஒரே சண்டை.

சென்னையிலிருந்து கப்பலில் போனால் மூன்று நாள். விமானத்தில் இரண்டே கால் மணி நேரம். முதல் இரண்டு நாள் போர்ட் பிளேரில் கழிந்தது (2024 செப்டம்பரில் அந்த ஊருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றிவிட்டார்கள்). எல்லோரும் பார்ப்பதை அவர்களும் பார்த்தார்கள். செல்லுலார் ஜெயிலில் அந்தம்மாவுக்குக் கண் கலங்கியது. பஸ் ஸ்டாண்டு பக்கம் தமிழ் கேட்டதில் சந்தோஷம். போஸ்ட்மாஸ்டர் பர்ஸில் பத்திரமாக வைத்திருந்த பழைய சிவப்பு இருபது ரூபாய் நோட்டை எடுத்துப் பார்த்தார். அதன் பின்பக்கத்தில் தென்னை மரமும் கடலும் கலங்கரை விளக்கமுமாக இருப்பது இந்த ஊருக்கு எதிரே உள்ள நார்த் பே காட்சிதான். தபால் ஆபீஸ் கவுண்டரில் அந்த நோட்டை லட்சம் தடவையாவது எண்ணியிருப்பார். எந்த ஊர் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது!

மூன்றாம் நாள் ஹேவ்லாக். போர்ட் பிளேரிலிருந்து வடகிழக்கே சுமார் 40 கிலோமீட்டர். வேகப் படகில் இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். 2018 டிசம்பரில் 'ஸ்வராஜ் தீவு' என்று பெயர் வைத்தாலும் படகுக்காரர்கள் வாயில் ஹேவ்லாக்தான். 1950களில் கிழக்கு வங்காளத்திலிருந்து வந்த அகதிகளைக் குடியமர்த்திய தீவு அது. கோவிந்தநகர், ராதாநகர், கிருஷ்ணாநகர், ஷ்யாம்நகர் என்று ஊர்ப் பெயரெல்லாம் கிருஷ்ணன் பெயர். ராதாநகர் கடற்கரையை 2004-ல் டைம் பத்திரிகை ஆசியாவின் சிறந்த கடற்கரை என்று எழுதியது. இந்திய நேரத்தையே அங்கேயும் வைத்திருப்பதால் ஜனவரியில் மாலை ஐந்தேகால் மணிக்கெல்லாம் சூரியன் போய்விடும். ஆறு மணிக்கு ராத்திரி ஆகிவிட்டதைப் பார்த்து, "இந்த ஊர்ல சாயங்காலமே கெடையாதா?" என்று கேட்டுவிட்டு அந்தம்மா விடுதிக்குத் திரும்பினார்.

மறுநாள் காலையில் எலிபென்ட் பீச். படகுத்துறையிலிருந்து மோட்டார் படகில் அரை மணி நேரத்துக்குள் வந்துவிடும். காட்டுக்குள் நடந்தும் போகலாம், சேறு மிதிக்கத் தயாராக இருந்தால். மரம் இழுக்கும் யானைகள் இருந்த காலத்துப் பெயர் அது. அந்த யானைகளில் கடைசியாகப் பேர் வாங்கியது ராஜன். கடலில் நீந்துகிற யானை என்று உலகம் முழுக்கப் படம் எடுத்தார்கள். 2016-ல் இறந்துவிட்டது. இப்போது அந்தக் கடற்கரையில் யானை இல்லை. 2004 சுனாமியில் சாய்ந்த பெரிய பெரிய மரங்கள்தான் வெளுத்துப்போய்க் கிடக்கின்றன.

இந்தக் கடற்கரைக்கு வருகிறவர்கள் ஸ்நார்க்கெல்லிங் செய்யத்தான் வருகிறார்கள். விஷயம் எளிமையானது. மூக்கையும் கண்ணையும் மூடுகிற கண்ணாடி மாஸ்க் ஒன்று. வாயில் கடித்துக்கொள்ள ஒரு வளைந்த குழாய். முகத்தைத் தண்ணீருக்குள் வைத்துக் குப்புற மிதந்தபடி குழாய் வழியாக மூச்சு விட வேண்டும். குழாய் ஏன் ஒரு முழத்துக்கு மேல் நீளமாக இல்லை என்று யோசிக்கலாம். ஆழம் போகப் போகத் தண்ணீர் நெஞ்சை அழுத்தும். அரை மீட்டருக்குக் கீழே போனாலே மேலிருந்து காற்றை உறிஞ்சுவது நம் நெஞ்சுத் தசைகளுக்குப் பெரும்பாடு. சினிமாவில் நாணல் தண்டை வைத்துக்கொண்டு ஆற்றடியில் ஒளிந்திருக்கும் கதாநாயகன் உண்மையில் ஒளிந்திருக்க முடியாது!

வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு நீச்சல் தெரியாது. அதற்கும் ஏற்பாடு உண்டு. ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட்டை மாட்டி, ஒரு ரப்பர் டியூபைப் பிடிக்கச் சொல்லி, கைடு பையன் இழுத்துக்கொண்டு போவான். படகுக் கட்டணத்திலேயே சில நிமிடம் சேர்த்தி. இன்னும் உள்ளே போகவும், தண்ணீருக்குள் போட்டோ எடுக்கவும் தனிக் காசு.

போஸ்ட்மாஸ்டர் முதலிலேயே சொல்லிவிட்டார், "நமக்கு இதெல்லாம் சரிப்படாது. கண்ணாடிப் படகுல போயிப் பாத்துக்கிடலாம்." அவருக்கு பிரஷர் மாத்திரை வேறு உண்டு. கைடு பையன் ஹவ்லாக்கிலேயே பிறந்து வளர்ந்த வங்காளிப் பையன். இந்தியில் விளக்கினான். போஸ்ட்மாஸ்டருக்கு ஆபீஸ் இந்தி கொஞ்சம் தெரியும், அதை மனைவிக்குச் சொன்னார்.

"வாயாலதான் மூச்சு விடணுமாம். மூக்கால விடக்கூடாதாம்."

அந்தம்மாவின் கவலை வேறாக இருந்தது. "இந்தக் கொழாய முன்னாடி யாரு வாயில வச்சிருந்தாவளோ? எச்சியில்லா?"

பையன் குழாயை மருந்துத் தண்ணீரில் முக்கிக் கழுவிக் காட்டினான். பிறகு மாஸ்க் கண்ணாடியில் பனி படியாமல் இருக்க அதற்குள் துப்பித் தேய்க்க வேண்டும் என்று செய்து காட்டினான். அந்தம்மா முகத்தைச் சுளித்துக்கொண்டு, "அத நானே துப்பிக்கிடுதேன், குடு" என்று வாங்கிக்கொண்டார். :-)

மகளின் பழைய கறுப்புச் சுடிதாரைப் போட்டுக்கொண்டு, லைஃப் ஜாக்கெட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு அந்தம்மா தண்ணீருக்குள் இறங்கினார். இடுப்பளவு ஆழத்தில் பையன் டியூபை நீட்டினான். அவர் அதைப் பிடிக்கவில்லை. முகத்தைத் தண்ணீரில் வைத்தார். இரண்டு தடவை குழாயில் தண்ணீர் ஏறி இருமினார். மூன்றாவது தடவை அப்படியே மிதந்தார். கால் இரண்டும் மெதுவாக ஒன்று மாற்றி ஒன்று அடித்தன. கை பக்கவாட்டில் தண்ணீரை விலக்கியது. பையன் நிமிர்ந்து கரையைப் பார்த்துக் கத்தினான், "சார், ஆன்ட்டிக்கு நல்லா நீச்சல் தெரியுது!"

போஸ்ட்மாஸ்டருக்கு அது செய்தி.

அந்தம்மா தலையைத் தூக்கி மாஸ்கை நெற்றிக்கு ஏற்றினார்.

"ஏட்டி, ஒனக்கு நீச்சல் தெரியுமா?"

"ஆத்தங்கரைக்காரிக்குத் தெரியாதாக்கும்!"

"இம்புட்டு வருசமா சொல்லவேயில்ல?"

"நீங்க கேட்டியளா? சொன்னாலும் கோவில்பட்டில எங்க போயி நீந்த, கொடத்துக்குள்ளயா?"

கோவில்பட்டியைத் தெரிந்தவர்களுக்கு இந்தப் பதில் எவ்வளவு நியாயமானது என்று புரியும். கரிசல் காடு. குழாயில் எப்போது தண்ணீர் வரும் என்று குடத்தை வரிசையில் வைத்துவிட்டுக் காத்திருந்த ஊர். ஆற்றங்கரையிலிருந்து அங்கே வாழ்க்கைப்பட்டு வருகிற பெண் முதலில் கற்றுக்கொள்வது ஒரு வாளித் தண்ணீரில் குளித்து, அந்தத் தண்ணீரையே செடிக்கு விடுவது எப்படி என்பதைத்தான்.

தாமிரபரணிக் கரை ஊர்களில் அந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு நீச்சலுக்கென்று வாத்தியார் கிடையாது. அம்மா படித்துறையில் துணி துவைக்கும்போது பிள்ளை தண்ணீரில் கிடக்கும். காய்ந்த சுரைக்குடுக்கையை முதுகில் கட்டிவிடுவார்கள். இல்லாவிட்டால் வாழைத்தண்டைப் பிடித்துக்கொண்டு காலை அடிக்க வேண்டும். ஒரு கோடை முடிவதற்குள் தானாக வந்துவிடும். அந்தம்மா ஆறு வயதில் கற்றுக்கொண்டு, பத்து வயதில் அக்கரைக்குப் போய்த் திரும்பியவர். பதிமூன்றாவது வயதில் பெரியமனுஷி ஆனார். அதோடு சரி. அண்ணன் தம்பிகள் தொடர்ந்து பாலத்திலிருந்து குதித்துக்கொண்டிருந்தார்கள். அவர் படித்துறையில் உட்கார்ந்து செம்பால் மோந்து ஊற்றிக் குளிக்கத் தொடங்கினார். யாரும் தடுத்ததாகக்கூட அவருக்கு நினைவில்லை. 'இனிமே கூடாது' என்று வாயைத் திறந்து சொல்ல வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

முப்பத்தைந்து வருடம் கழித்துக் கைகால்களுக்கு அது ஞாபகம் இருந்தது.

தண்ணீருக்கு அடியில் இருந்ததோ ஆற்றில் பார்த்த கெண்டையும் கெளுத்தியும் அல்ல. மாஸ்க் வழியாகப் பார்க்கும்போது எல்லாம் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும், கொஞ்சம் பக்கத்திலும் இருப்பதுபோல் இருக்கும். மான்கொம்பு மாதிரிக் கிளைவிட்ட பவளம், மூளை மாதிரி மடிந்த உருண்டைப் பவளம். பவளம் என்பது கல்லும் இல்லை, செடியும் இல்லை. குண்டூசித் தலை அளவுள்ள ஆயிரக்கணக்கான பிராணிகள் சேர்ந்து கட்டிய சுண்ணாம்பு வீடு. அவற்றின் உடம்புக்குள் குடியிருக்கும் நுண்ணிய பாசி வெயிலில் சமைத்துப் போடுகிறது. நிறமும் பெரும்பாலும் அந்தப் பாசியுடையதுதான். கடல் சூடு வழக்கமான கோடைச் சூட்டைவிட ஒரு டிகிரி கூடி, சில வாரம் நீடித்தாலே போதும். பவளம் பாசியை வெளியே துப்பிவிட்டு வெளுத்துப்போகிறது. சூடு சீக்கிரம் தணிந்தால் பிழைக்கும், தணியாவிட்டால் பட்டினிதான். அந்தமானில் 1998, 2010, 2016 ஆகிய வருடங்களில் இப்படி வெளுத்தது. அதில் 2010 ரொம்ப மோசம். எலிபென்ட் பீச்சில் வண்ணத்துக்கு நடுவே சாம்பல் நிற மேடுகளாகத் தெரிவது செத்த பவளம்.

அங்கே கிளிமீன் உண்டு. பச்சையும் நீலமுமாக, கிளியலகு மாதிரி வாயால் பவளத்தைக் கறக் கறக் என்று கொறிக்கும். தண்ணீருக்குள் அந்தச் சத்தம் நன்றாகக் கேட்கும். உள்ளே போன சுண்ணாம்பு பொடியாகி வெளியே வரும். வெப்பக் கடல் தீவுகளின் வெள்ளை மணலில் நல்ல பங்கு கிளிமீன் கழித்ததுதான். தேனிலவுத் தம்பதிகள் இதயம் வரைந்து பெயர் எழுதுவது எதன்மேல் என்று யாரும் அவர்களிடம் சொல்வதில்லை!

பிறகு கடல் சாமந்திக்குள் ஒளிந்து விளையாடும் ஆரஞ்சு நிறக் கோமாளி மீன். 2003-ல் வந்த நீமோ படம் பார்த்தவர்களுக்கு அறிமுகம் வேண்டாம். படத்தில் சொல்லாத விஷயம் ஒன்று உண்டு. அந்தக் குடும்பத்தில் பெரிய மீன் எப்போதும் பெண். அதுதான் வீட்டுக்குத் தலைவி. அது செத்துப்போனால், அடுத்த நிலையில் இருக்கும் ஆண் மீன் பெண்ணாக மாறிப் பொறுப்பை ஏற்கும். அப்படிப் பார்த்தால் நீமோவின் அப்பா படம் முடிவதற்குள் அம்மாவாகியிருக்க வேண்டும்.

அந்தம்மா அந்தச் சாமந்தியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கரையில் போஸ்ட்மாஸ்டர் சாய்ந்த மரம் ஒன்றில் உட்கார்ந்து அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். மகளிடமிருந்து போன் வந்த மாதிரி இருந்தது. டவர் இல்லை. போனை இரண்டு நிமிடம் அப்படியும் இப்படியும் தூக்கிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தால், மனைவியைக் காணோம்.

தண்ணீரில் முப்பது நாற்பது பேர் இருந்தார்கள். எல்லோரும் ஆரஞ்சு ஜாக்கெட். எல்லோரும் குப்புற. முதுகை வைத்து யார் எவர் என்று எப்படிச் சொல்வது? கைடு பையன் வேறொரு குடும்பத்தை டியூபில் இழுத்துக்கொண்டிருந்தான். "ஆன்ட்டிக்குத்தான் நீச்சல் தெரியுமே" என்று விட்டுவிட்டான் போல. போஸ்ட்மாஸ்டர் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். இருபத்தாறு வருடத்தில் நாலு பேர் முன்னால் அவர் மனைவியைப் பெயர் சொல்லிக் கத்தியது அதுதான் முதல் தடவை. ஒரு முதுகும் அசையவில்லை.

இந்த இடத்தில் ஒன்று தெரிந்துகொள்வது நல்லது. முங்குகிறவர் கையை ஆட்டுவார், காப்பாத்துங்க என்று கத்துவார் என்பதெல்லாம் சினிமா. நியூயார்க்கின் ஆர்ச்சர்ட் பீச்சில் உயிர்காப்பாளராக இருந்த ஃபிராங்க் பியா, முங்குகிறவர்களைப் படம் பிடித்து ஆராய்ந்து சொன்னது நேர்மாறானது. வாய் தண்ணீருக்கு மேலே வரும் அந்த நொடியில் மூச்சு இழுக்கவே நேரம் போதாது, கத்துவதற்கு ஏது நேரம்? இருபதிலிருந்து அறுபது விநாடிக்குள் சத்தமில்லாமல் எல்லாம் முடிந்துவிடும். ஸ்நார்க்கெல்லிங்கில் இன்னும் மோசம். நன்றாக மிதப்பவரும் மயங்கிப்போனவரும் கரையிலிருந்து பார்த்தால் ஒரே மாதிரிதான் இருப்பார்கள். ஹவாய் தீவுகளில் சுற்றுலாப் பயணிகள் முங்கிச் சாவதற்கு முதல் காரணம் ஸ்நார்க்கெல்லிங்தான். அதில் நீச்சல் தெரிந்த, ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் நிறைய. இதே ஹேவ்லாக்கில் 2010 ஏப்ரலில், நண்பருடன் ஸ்நார்க்கெல்லிங் செய்துகொண்டிருந்த ஒரு அமெரிக்கப் பெண்ணை முதலை இழுத்துக்கொண்டு போனது. இரண்டு பேராகப் போகிறவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பது இந்த விளையாட்டின் முதல் விதி. மீனைப் பார்க்கிற சுவாரஸ்யத்தில் முதலில் மறந்துபோவதும் அதுதான்.

போஸ்ட்மாஸ்டருக்கு இந்தப் புள்ளிவிவரம் எதுவும் தெரியாது. ஆனால் பயம் தெரிந்தது. செருப்போடு, சட்டைப் பையில் போனோடு, நெஞ்சளவு தண்ணீர் வரை நடந்துபோய்விட்டார். நீச்சல் சுத்தமாகத் தெரியாத மனிதர். அடுத்த அடி எங்கே வைத்திருப்பாரோ, அதற்குள் கைடு பையன் பார்த்துவிட்டு விசில் அடித்தான்.

அந்தம்மா அறுபது எழுபது அடி தள்ளி, அடுத்த படகுக்காரர்களின் கூட்டத்தோடு மிதந்துகொண்டிருந்தார். கரையோரமாக ஓடும் நீரோட்டம் மெதுவாகத் தள்ளிக்கொண்டு போயிருக்கிறது. ஆற்று நீச்சல்காரருக்கு அது உறைக்கவில்லை. ஆற்றில் தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது என்று கண்ணுக்குத் தெரியும். கடலில் தெரியாது.

"கூப்பிட்டா கேக்காதா?" போஸ்ட்மாஸ்டருக்குக் குரல் நடுங்கியது.

"தண்ணிக்குள்ள எப்படிங்க கேக்கும்?" என்று சொல்ல வந்தவர், அவர் சட்டை நெஞ்சு வரை நனைந்திருப்பதைப் பார்த்தார். செருப்பில் ஒன்றைக் காணோம். அதற்குப் பிறகு ஒன்றும் சொல்லவில்லை.

கொஞ்ச நேரம் இரண்டு பேரும் அந்தச் சாய்ந்த மரத்தில் உட்கார்ந்திருந்தார்கள். கொண்டுபோயிருந்த கடலை மிட்டாயை ஆளுக்கு ஒன்று தின்றார்கள். போன் செத்துப்போயிருந்தது. பிறகு அந்தம்மா கேட்டார், "நீங்களும் வாரியளா? நான் பிடிச்சுக்கிடுதேன்."

பிரஷர் இருப்பதைக் கைடு பையனிடம் சொன்னார்கள். அவன் யோசித்துவிட்டு, இடுப்பளவு ஆழத்தைத் தாண்டக்கூடாது, டியூபை விடக்கூடாது, மூச்சு முட்டினால் உடனே எழுந்து நிற்க வேண்டும் என்று மூன்று நிபந்தனை போட்டான். அந்தம்மா நாலாவதாக ஒன்று சேர்த்தார். கையை ஒரு தடவை அழுத்தினால் 'நல்லாருக்கேன்', இரண்டு தடவை அழுத்தினால் 'எந்திரிக்கணும்'.

போஸ்ட்மாஸ்டர் தண்ணீருக்குள் இருந்தது மொத்தம் ஆறேழு நிமிடம். முதல் இரண்டு நிமிடமும் இரட்டை அழுத்தல்தான். குழாய் வழியாக வேகமாக மூச்சு வாங்கினால் திணறும், மெதுவாக, நீளமாக விட வேண்டும் என்பது பிடிபட அவ்வளவு நேரம் ஆனது. பிறகு ஒற்றை அழுத்தல். ஒரு கிளிமீன் முன்னால் போனது. அந்தம்மா விரலால் காட்டினார். அவரும் அதையே திரும்பக் காட்டினார். எழுந்ததும் அவர் சொன்னது, "சத்தம் கேட்டியா? நம்ம வீட்டு எலி மாதிரியே கொறிக்குது."

கிளம்பும்போது அந்தம்மா கரையில் கிடந்த ஒரு பவளத் துண்டைக் கொலு மேடையில் வைக்கலாம் என்று எடுத்தார். கைடு பையன் தடுத்துவிட்டான். செத்த பவளமானாலும் எடுத்துப்போகக் கூடாது. வனவிலங்குச் சட்டத்தில் புலிக்கு என்ன பாதுகாப்போ அதே முதல் பட்டியல் பாதுகாப்பை 2001-ல் பவளத்துக்கும் கொடுத்திருக்கிறார்கள். விமான நிலையத்தில் பையைத் திறந்து பறிமுதல் செய்வார்கள். திருப்பி மணலில் வைத்தார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், பவளம் பார்க்க அவர்கள் 1,300 கிலோமீட்டருக்கு மேல் பறந்து வந்திருக்கிறார்கள். அவர்களுடைய தூத்துக்குடி மாவட்டத்துக் கடலிலேயே பவளம் இருக்கிறது. தூத்துக்குடியிலிருந்து ராமேஸ்வரம் வரை வரிசையாக 21 தீவுகள், 1986-லிருந்து மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா. சுண்ணாம்புக்காகவும் கட்டடத்துக்காகவும் பல வருடம் அந்தப் பவளத்தை வெட்டி எடுத்தார்கள். தீவுகளில் இரண்டு தண்ணீருக்குள் போய்விட்டன. வெட்டிய பவளம் சுண்ணாம்பாகி எத்தனையோ வீட்டுச் சுவர்களில் ஏறியிருக்கும். போஸ்ட்மாஸ்டர் இதைத் திரும்பி வந்தபிறகு ஆபீசில் ஒருவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார்.

தண்ணீருக்குள் எடுத்த போட்டோ அவர்களிடம் ஒன்றுகூட இல்லை. அதற்குத் தனியாகக் காசு கேட்டார்கள், இவர்கள் கொடுக்கவில்லை. போனில் இருந்ததெல்லாம் போனோடு போயிற்று. மகளுக்கு அதில் பெரிய வருத்தம்.

அந்த வருடம் வைகாசியில் அந்தம்மாவின் ஊரில் கோவில் கொடை. இரண்டு பேரும் போயிருந்தார்கள். ஆற்றில் முன்னைப்போலத் தண்ணீர் இல்லை, படித்துறை ஓரமெல்லாம் பிளாஸ்டிக் குப்பை. நடு ஆற்றில் மட்டும் ஆழம் இருந்தது. அண்ணன் மகளுக்கு வயது பதிமூன்று. வகுப்பில் முதலிடம், மொபைலில் கெட்டிக்காரி, நீச்சல் மட்டும் தெரியாது. 'பெரிய பிள்ளை எதுக்கு ஆத்துக்குள்ள எறங்கணும்' என்று பாட்டி முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். அந்தம்மா பதில் சொல்லவில்லை. சுரைக்குடுக்கை கிடைக்காததால் ஐந்து லிட்டர் எண்ணெய் கேன் இரண்டைக் கயிற்றில் கோத்து அந்தப் பிள்ளையின் முதுகில் கட்டினார். நாலு நாள் காலையும் மாலையும் பாடம் நடந்தது. போஸ்ட்மாஸ்டர் படித்துறையில் துண்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து, இரண்டு தலையையும் மாற்றி மாற்றி எண்ணிக்கொண்டிருந்தார். போனை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார்.